முதியோர் கணக்கு மட்டும் போதுமா? தோட்டத்து ஊரின் பேரிடர் திட்டம் பற்றிய கேள்விக்குப் பதில்

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்து ஊர். கோயில் நிர்வாகமும் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து பேரிடர் திட்டம் ஒன்று எழுதுகிறார்கள். 'எளிதில் பாதிக்கப்படுவோர்' என்ற கட்டத்தில் முதியவர்கள் இத்தனை, பிள்ளைகள் இத்தனை, மாற்றுத்திறனாளிகள் இத்தனை, கர்ப்பிணிகள் இத்தனை என்று எண்ணி எழுதியாகிவிட்டது. அடுத்த பக்கத்தில் ஒவ்வோர் ஆபத்துக்கும் ரிஸ்க் மதிப்பெண் போட வேண்டும். "நாங்கள் எழுதியது போதுமா, மதிப்பெண்ணை எப்படிப் போடுவது?" என்று கேட்டிருக்கிறார் தம்பி. அவர் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் ஏறினால், கையில் இருக்கும் நாலு ஆளும் ஒரு லோரியும் முதலில் எந்த வீட்டு வாசலுக்குப் போக வேண்டும்? எண்ணிக்கை எழுதிய கட்டத்தில் இதற்குப் பதில் கிடைக்காது.

என்னைப் பற்றி ஒரு வரி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) தொடங்கி, பிறகு ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டக் கம்பெனியில் பாதுகாப்பு சுகாதார அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். என்ஜினியர் இல்லை. ஆற்றில் எத்தனை அடி தண்ணீர் வரும், மலைச்சரிவு தாங்குமா என்பதெல்லாம் வடிகால் நீர்ப்பாசனத் துறையும் கனிமப் புவியியல் துறையும் சொல்ல வேண்டியவை. வீடு, ஆள், மருந்து, வழி பற்றி என்னால் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் அந்தக் கட்டத்துக்கு வருவோம். வயதை வைத்து ஆளை எண்ணுவது தப்பில்லை, ஆனால் பாதி வேலைதான். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எழுபத்தைந்து வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். மகன் பக்கத்து வீடு, அவனிடம் ஹைலக்ஸ் வண்டி, மேட்டில் இருக்கும் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) மகள் வீடு. மழை கனத்த உடனே பாட்டி அங்கே போய்விடுவார். இரண்டு கதவு தள்ளி நாற்பத்தைந்து வயதுக்காரர். பார்த்தால் நல்ல உடம்பு, உங்கள் பட்டியலில் எந்த வகையிலும் வரமாட்டார். ஆனால் வாரம் மூன்று முறை ஈப்போவுக்கு டயாலிசிஸ் போகிறார். பாலம் இரண்டு நாள் மூழ்கினால் யாருக்கு உயிராபத்து? ஆகவே, யார் பலவீனமானவர் என்று கேட்காமல், இந்த வீடு எதை நம்பி ஓடுகிறது, அது அறுந்தால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேளுங்கள். ஒரு வீடு ஒரே ஒரு பாலத்தை நம்பி இருக்கும். இன்னொன்று கரண்டை நம்பி இருக்கும், வேறொன்று ஷிப்ட் முடிந்து வரும் ஒரே ஒரு மகளை. பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் வயதை எழுதும் இடத்தில் இதை எழுதுங்கள்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இந்தத் துறையில் சர்ச்சையே இல்லாத விஷயங்களில் ஒன்று, ஒரே அளவு ஆபத்து இரண்டு இடங்களில் இரண்டு விதமான சாவைத் தரும் என்பது. ஒடிசாவில் 1999-இல் அடித்த பெரும்புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013-இல் பைலின் புயல் அதே கரையில் ஏறியபோது முன்கூட்டியே பத்து லட்சம் பேர் அளவுக்கு இடம் மாற்றினார்கள், சாவு சில பத்துகளோடு நின்றது. காற்று இரக்கம் காட்டவில்லை. இடையில் புயல் கூடங்கள் கட்டியிருந்தார்கள், எச்சரிக்கை கடைசி வீடு வரை போனது. சிகாகோவில் 1995 ஜூலை வெயிலில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள், கதவைத் தட்ட ஆள் இல்லாதவர்கள். வயதோடு தனிமையும் சேர்ந்தபோதுதான் வெயில் அவர்களைக் கொன்றது.

சரி, தோட்டத்துக்கு வருவோம். தோட்டத்து ஊருக்கென்று சில பலவீனங்கள் உண்டு, எந்தப் படிவத்திலும் அவற்றுக்குக் கட்டம் இருக்காது. முதலாவது, கேட். செம்பனைக் குலைத் திருட்டு அதிகமானதிலிருந்து பல தோட்டங்களில் பின்பக்கத்து டிராக்டர் பாதைகளில் ஆழக் கான் (வாய்க்கால்) வெட்டிவிடுகிறார்கள், இல்லையென்றால் இரும்புக் கேட் போட்டு இருட்டினதும் பூட்டிவிடுகிறார்கள். முன்பக்க ரோடு ஆற்றோரமாகப் போகும். மேட்டுக்குப் போகிற ஒரே வழி அந்தப் பின்பக்கப் பாதை. வரைபடத்தில் பார்த்தால் வழி இரண்டு, ராத்திரி இரண்டு மணிக்கு வழி எதுவுமே இல்லை. சாவி ஆபீசில் ஆணியில் தொங்கும், ஆபீஸ் கிராணி (எழுத்தர்) டவுனில் குடியிருப்பார், காவல்காரருக்குக் கேட்டைத் திறக்க அதிகாரம் இருக்காது. ஆகவே உங்கள் திட்டத்தின் முதல் பக்கத்தில், எந்தப் பூட்டுக்கு யாரிடம் மறுசாவி இருக்கிறது என்று எழுதி, அவர் வராவிட்டால் அடுத்தது யார் என்பதையும் எழுதுங்கள். மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். திருட்டுப் பயம் அவருக்கு நியாயமானதுதான். சாவியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, உடைத்தால் மறுநாள் விளக்கம் சொல்ல வேண்டும் என்று பேசினால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

இரண்டாவது, யாருடைய பொறுப்பிலும் வராத மனிதர்கள். வேலையில் இருக்கும் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீட்டு வசதியில் முதலாளிக்கு 1990-இன் 446-ஆவது சட்டப்படி கடமை உண்டு. ஓய்வு பெற்றும் லயத்திலேயே தங்கிவிட்டவர்களுக்கு அப்படித் தெளிவான பிடிமானம் கிடையாது. நிலம் தனியார் நிலம் என்பதால் நகராண்மைக் கழகம் கான் தோண்ட வராது, நிர்வாகத்துக்கு அவர்கள் கணக்கில் இல்லாத ஆட்கள். அடைத்துப்போன கானும் அரித்துப்போன மதகும் அங்கேதான் இருக்கும். அடுத்து வங்காளதேசி, இந்தோனேசியத் தொழிலாளர்களின் குடியிருப்பு. பெரும்பாலும் தோட்டத்தின் தாழ்ந்த மூலையில், செம்பனை ஆலைப் பக்கம் இருக்கும். தமிழ்ச் சங்கத்தின் திட்டத்தில் அவர்களை எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். தண்ணீர் அந்தக் கணக்கைப் பார்க்காதே. அவர்களில் ஒருவரையாவது கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். மூன்றாவது வகை, நம்மவர்களிலேயே அடையாளக் கார்டு இல்லாதவர்கள். நிவாரண மையத்தில் பெயர் பதியும்போது பத்திரம் கேட்பார்களோ என்று பயந்து, இடுப்பளவு தண்ணீர் வந்த பிறகும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். மையத்தை நடத்துவது சமூக நலத்துறை (ஜே.கே.எம்.). கார்டு இல்லாத குடும்பத்தை எப்படிப் பதிவார்கள் என்று இப்போதே மாவட்ட ஜே.கே.எம். அலுவலகத்தில் கேட்டு, பதிலை அந்தக் குடும்பங்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது பலவீனம் உங்கள் தொண்டர் பட்டியலிலேயே இருக்கலாம். இளைஞர் குழு, இருபது பெயர், போன் நம்பர் எல்லாம் அழகாக இருக்கும். அதில் எத்தனை பேர் வார நாளில் ஊரில் இருக்கிறார்கள்? பாதிப் பேர் ஈப்போவிலும் பினாங்கிலும் பேக்டரி வேலையில், சிலர் சிங்கப்பூரில். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊரில் யார் இருப்பார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பாலர்பள்ளி ஆசிரியை, கோயில் பூசாரி, கடைக்காரர், ரப்பர் பால்வெட்டிவிட்டு மதியமே வீடு திரும்பிய பெண்கள். உங்கள் உண்மையான மீட்புப் படை இதுதான். பயிற்சியை இவர்களுக்குக் கொடுங்கள். பேராக் பக்கம் கனத்த மழை பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும், மத்தியானத்துக்கு மேல் இடியோடு வரும். ஆகவே சாயங்கால நேரத்தைச் சும்மா உதாரணத்துக்குச் சொல்லவில்லை.

ஆடு மாடுகளையும் விட்டுவிடாதீர்கள். நகரத்தில் எழுதப்படும் திட்டங்களில் இது வரவே வராது. இரண்டு கறவை மாடு வைத்திருக்கிற ஐயா, மாட்டை விட்டுவிட்டு லோரியில் ஏறமாட்டார். அவர் ஏறாவிட்டால் அம்மாவும் ஏறமாட்டார். மாட்டை எந்த மேட்டில் கட்டுவது, கயிற்றை யார் அவிழ்ப்பது என்று முடிவு செய்தால் இரண்டு மனிதர்களைக் காப்பாற்றியாகிவிட்டது. அதேபோல அடகுச் சீட்டு, பிறப்புப் பத்திரம், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) காகிதங்கள். எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கும் வீடு சீக்கிரம் கிளம்பும்.

இப்போது மதிப்பெண். உங்கள் படிவம் நம் நாட்டு வேலையிடங்களில் எல்லாரும் போடும் ஹிராக் (HIRARC, ஆபத்தைக் கண்டு, ரிஸ்க்கை மதிப்பிட்டு, கட்டுப்படுத்தும்) முறையைப் பார்த்து எழுதியதாகத் தெரிகிறது. நிகழும் வாய்ப்புக்கு 1 முதல் 5, விளைவின் கடுமைக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்கு. 15-உம் அதற்கு மேலும் உயர்வு, 5 முதல் 12 வரை நடுத்தரம், அதற்குக் கீழே குறைவு. தொழிற்சாலையில் கைவிரல் நசுங்கும் கணக்குக்கு இது நன்றாகவே வேலை செய்யும். ஊருக்குப் போடும்போது ஒரு பொறி இருக்கிறது. வருடா வருடம் கணுக்கால் அளவு தண்ணீர் வரும் கடைவீதிக்கு 5 × 1 = 5. மலையடி லயத்தின் மேல் சரிவு இறங்குவது எப்போதாவது ஒருமுறை, ஆனால் இறங்கினால் ஊரே போய்விடும்; அதற்கு 1 × 5 = 5. இரண்டும் ஒரே 'நடுத்தரம்'. கூட்டத்தில் கடைவீதிக்காரர்கள் சத்தமாகப் பேசுவார்கள், காசு கான் வேலைக்குப் போய்விடும். என் அபிப்பிராயம் இது: பெருக்கித் தொலையுங்கள், படிவம் கேட்கிறது. ஆனால் கடுமையில் 5 வாங்கிய எதையும், வாய்ப்பு 1 ஆக இருந்தாலும், தனித்தாளில் எழுதி அதற்கென்று ஒரு வெளியேறும் வழி வையுங்கள்.

வாய்ப்புக்குப் போடும் எண்ணைப் பற்றி அவ்வளவு உறுதியாக யாராலும் பேச முடியாது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த மழையை நூறு வருடத்துக்கு ஒருமுறை வருவது என்றார்கள். அந்த வருட வெள்ளத்தின் நஷ்டம் நாடு முழுக்க 6.1 பில்லியன் ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. நூறு வருடத்துக்கு ஒருமுறை என்றதும், இனி நம் பேரன் காலத்தில்தான் என்று நினைத்துவிடுகிறோம். அதன் பொருள் ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான். முப்பது வருடம் வீட்டுக் கடன் கட்டுகிற ஒருவர், அந்தக் காலத்துக்குள் குறைந்தது ஒருமுறை அதைப் பார்க்கும் வாய்ப்பு ஏறக்குறைய 26 விழுக்காடு. அதுவும் பழைய மழைக் கணக்கை வைத்துத்தான். மேலே காடு செம்பனையாகி, செம்பனை தாமானாகி, தார் ரோடு வந்த பிறகு பழைய கணக்கு எவ்வளவு பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது.

பெரிய ஆறுகளில் வெள்ளம் மெதுவாக ஏறும், அளவுகோல் உண்டு, நேரம் கிடைக்கும். மலையிலிருந்து இறங்கும் சின்ன ஆற்றில் அது கிடையாது. கம்பார் பக்கத்துப் போஸ் டிப்பாங்கில் 1996 ஆகஸ்டு 29-இல் மண்ணும் மரக்கட்டையும் சேர்ந்து வந்த வெள்ளத்தில் 44 பேர் இறந்தார்கள். கெடா கூப்பாங்கில் 2022 ஜூலை 4-இல் குனோங் இனாஸ் பக்கமிருந்து அதேபோல இறங்கியது, மூவர் இறந்தார்கள். மேலே நிலம் திருத்தியதுதான் காரணமா, மழையின் அளவு மட்டுமே காரணமா என்று அப்போது பெரிய வாக்குவாதம் நடந்தது. ஊர்த் திட்டம் எழுதுகிறவர்கள் அந்த வாக்குவாதம் முடியக் காத்திருக்க வேண்டாம். உங்களுக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. மேலே மழை பெய்தபடி இருக்க, ஆற்றுத் தண்ணீர் திடீரென்று குறைந்தாலோ, கலங்கிக் கட்டைகள் வந்தாலோ, கீழே மழை இல்லாவிட்டாலும் உடனே மேடேற வேண்டும். சரிவில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, இவையும் அப்படித்தான்.

மலையில் மழை பிடித்து எத்தனை நிமிடத்தில் உங்கள் பாலத்தில் தண்ணீர் ஏறும்? இந்த எண் தெரிந்தால் திட்டத்தில் பாதி எழுதியாகிவிட்டது. வெளியூரில் உட்கார்ந்து யாரும் இதைச் சொல்ல முடியாது, நீங்கள்தான் அளக்க வேண்டும். பாலத்துத் தூணில் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டை அடியுங்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, மழை ஆரம்பித்த நேரமும் தண்ணீர் ஒவ்வொரு பட்டையைத் தொட்ட நேரமும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு பருவம் எழுதினால் போதும், ஒரு குத்துமதிப்பு கிடைத்துவிடும்.

எச்சரிக்கையில் ஒரு குழப்பம் உண்டு. வானிலைத் துறை தொடர்மழைக்கு வஸ்பாடா (விழிப்பு), பூரோக் (மோசம்), பஹாயா (ஆபத்து) என்று மூன்று நிலை சொல்கிறது. வடிகால் நீர்ப்பாசனத் துறையான ஜே.பி.எஸ். ஆற்று மட்டத்துக்கு நார்மல், வஸ்பாடா, அமாரான் (எச்சரிக்கை), பஹாயா என்று நான்கு. 'வஸ்பாடா' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் மழையா ஆறா என்று பார்க்காமலே அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் குழுவில் ஒரே ஒருவர் மட்டும் தமிழில் மாற்றிப் போடட்டும். எந்தத் துறை, எத்தனை மணிக்குச் சொன்னது, நாம் இப்போது என்ன செய்ய வேண்டும், இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். மலாய் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குக் கோயில் ஒலிபெருக்கிதான் நம்பகமானது. கரண்ட் போனாலும் ஓட ஒரு பேட்டரி வாங்கி வையுங்கள், கைப்பேசிக் கோபுரத்தின் பேட்டரியும் சில மணி நேரத்துக்குமேல் நிற்காது.

என் பழைய தொழில் பக்கம் கொஞ்சம். டயாலிசிஸ் போகிறவர்கள் மையத்திலிருந்து தங்கள் சிகிச்சை விவரக் கடிதத்தை வாங்கி வைத்திருக்க வேண்டும். வேறு மையத்தில் காட்டினால் உடனே மிஷினில் போட அது உதவும். மழை எச்சரிக்கை வந்தால் அடுத்த நாள் முறையை முன்கூட்டியே போட முடியுமா என்று கேட்கலாம். வழி அடைபட்டால் தண்ணீரையும் வாழைப்பழம், இளநீர் போன்ற பொட்டாசியம் நிறைந்தவற்றையும் எவ்வளவு குறைப்பது என்று அவர்களுடைய டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். நிவாரண மையத்தில் யாராவது அன்போடு இளநீர் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள், பயமே அதுதான். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனா, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம் வரை வெளியில் தாங்கும். பயந்துபோய் ஐஸ் மேல் நேரடியாக வைத்தால்தான் உறைந்து கெடும். வெள்ளத்தில் நடந்தவருக்கு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கிளினிக்கில் 'தண்ணீரில் நடந்தேன்' என்று அவரே சொல்ல வேண்டும். தோட்டத்துக் களைக்கொல்லி, பூச்சிமருந்து ஸ்டோர் தாழ்வான இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாராகுவாட் என்ற நச்சுக் களைக்கொல்லி 2020-இல் தடையானது, ஆனாலும் பழைய டின் மூலையில் கிடக்கலாம்.

செம்பனை ஆலையின் கழிவுக் குளக்கரை, புகைமூட்டம், கூரையைத் தூக்கும் காற்று, இவற்றுக்கு ஒவ்வொரு பத்தி போதும். ஆலையிடம் அவர்களுடைய அவசரத் திட்டத்தின் நகலைக் கேளுங்கள், அவர்களிடம் ஒன்று இருக்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரே விதி: வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தால் பெரியவரையே தள்ளும், 30-இல் சின்னக் கார் மிதக்கத் தொடங்கும், 60 பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போகும்.

வீட்டு விவரப் பட்டியலை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். யார் தனியாக இருக்கிறார், எந்த வீடு எப்போது காலி என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இரண்டு பேரிடம் நோட்டாக இருக்கட்டும், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது, சில நோய்களை ஆண்களிடம் சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவரை எழுதுங்கள். ஜப்பானில் 1995 கோபே பூகம்பத்தில் உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தவர்கள் குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும்தான். பொம்பாவும் (தீயணைப்புத் துறை) ஏ.பி.எம்.மும் (பொது தற்காப்புப் படை) வருவார்கள், 999-ஐக் கூப்பிடத்தான் வேண்டும், ஆனால் அவர்கள் வரும் பாலம்தான் மூழ்கியிருக்கும்.

படிவத்தைக் கொடுக்கும் முன் ஒரு சாயங்காலம் கோயில் மண்டபத்தில் பத்துப் பேர் உட்காருங்கள். "மணி இரண்டு, கரண்ட் இல்லை, பாலம் சிவப்பைத் தொட்டுவிட்டது" என்று ஒருவர் சொல்லட்டும். யார் யாரைக் கூப்பிடுகிறார், சாவி எங்கே, முதல் லோரி எந்த வீட்டுக்கு என்று வாயாலேயே நடத்திப் பாருங்கள். அரை மணி நேரத்தில் ஓட்டைகள் தெரிந்துவிடும். திருத்தி எழுதி ஒரு பிரதியை மாவட்ட அலுவலகத்தில் கொடுங்கள், மாவட்ட அளவு பேரிடர் குழுவுக்குத் தலைவர் மாவட்ட அதிகாரிதான். இன்னொரு பிரதியைத் தோட்ட மேனேஜருக்குக் கொடுத்து, கேட் சாவி இருக்கும் பக்கத்தில் மட்டும் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மேனேஜர் மாறினால் புது ஆளிடம் மறுபடி வாங்க வேண்டியிருக்கும்.